கடலுக்கு முதலாளி இல்லை, பலகைக்கு உண்டு

கடற்கரையில் காலை உடைத்துக்கொண்டவன் நஷ்ட ஈடு கேட்பது பேராசை. கடலுக்குப் போகிறவன் தன் பொறுப்பில்தான் போகிறான். மாவட்ட மன்றத்தின்மேல் கேஸ் போட்டால் நாளைக்குக் கடற்கரையையே பூட்டிவிடுவார்கள். பாகான் நக்கோடா ஓமார் பக்கம் ஒரு கோயில் கமிட்டிக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் முழங்கிய வாதம் இது. பெயர் வேண்டாம். முன்னாள் தோட்டத்துக் கிராணி, பேச்சில் வல்லவர், அவ்வளவு போதும். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு எரிச்சல் அவர் பேச்சில் இல்லை, அந்தத் தலையாட்டலில். சபாக் பெர்ணம் தொடங்கி ஜெராம்வரை, அடிபட்டவன் வக்கீலிடம் போகுமுன் அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது இந்த ஒரே பாட்டுதான்.

அவர் வாய் நிறையக் கடல்: அலை, சேறு, நீரோட்டம், ஜெல்லி மீன், கடைசியில் ஆண்டவன் கணக்கு. ஐயா, கடல்மேல் கேஸ் போட்டது யார்? நம் வட சிலாங்கூர்க் கரை பெரும்பாலும் சேற்றுக் கரை. அமாவாசை, பௌர்ணமியில் தண்ணீர் கரை முட்ட ஏறும். வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அந்தச் சேற்றில் இறங்கிக் கிளிஞ்சலில் பாதத்தைக் கிழித்துக்கொண்டவனுக்கு எந்த நீதிமன்றமும் பணம் கொடுக்காது. கொடு என்று நானும் கேட்கவில்லை.

விவகாரம் சேற்றுக்குமேல் மனிதன் போட்டு வைத்தவற்றில் இருக்கிறது. கடலுக்குள் நீட்டிய ஒரு பலகை நடைபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் ஆணியின் தலை துருவேறி உதிர்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் பலகை முழுசாகத்தான் தெரியும். அடியில், சட்டத்தோடு சேருகிற இடத்தில், ஈரம் தேங்கி உளுத்திருக்கும். பிள்ளை ஓடினால் தாங்கும், பெரிய ஆள் மிதித்தால் விட்டுவிடும். கால் தொடைவரை உள்ளே போகும். அதை வெளியே இழுக்கும்போதுதான் முறிந்த பலகையின் சிலாம்பு சதையைக் கிழிக்கும். சங்கிலி தேய்ந்த ஊஞ்சலும், கம்பி துருத்திய சிமெண்டுப் படியும், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் சீறிப் பாயும் வாடகை நான்குசக்கர மோட்டாரும் இதே கதைதான். இவற்றில் எதைக் கடல் கொண்டுவந்து போட்டது?

பொது இடத்துக்கு முதலாளி யார் என்று மடக்கியதாக அவருக்கு நினைப்பு. தேசிய நிலச் சட்டத்தைப் புரட்டியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. பெருக்கு நாளில் தண்ணீர் ஏறும் எல்லைக்கும் வற்று நாளில் இறங்கும் எல்லைக்கும் இடைப்பட்ட கரை மாநில அரசின் நிலம். பொதுப் பயனுக்கு ஒதுக்கினால், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரி பெயர் அரசாங்க கெஜட்டில் ஏறும். கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது ஒருவர், கடல் தடுப்பணையைப் பராமரிப்பது வடிகால் இலாகா, படகுத்துறை வேறொரு வாரியம் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கலாம். அதனால் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. அந்த இடம் யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. ஒன்றுக்கு மேற்பட்டவர் கட்டுப்பாட்டில் இருந்தால் எல்லோரையும் பிரதிவாதி ஆக்கலாம். இலாகாக்கள் ஒன்றை ஒன்று கைகாட்டுவது காலங்காலமாக நடப்பதுதான். அதற்கு நம் ஆளே ஒத்து ஊதுவதுதான் புதுசு.

இதில் அவருக்குத் தெரியாத இன்னொரு சங்கதி உண்டு. இட உரிமையாளரின் பொறுப்பு குறித்து மலேசியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி, தீபகற்பத்தில் 1956 ஏப்ரல் 7 அன்று இங்கிலாந்தில் நடப்பிலிருந்த பொதுச் சட்டம்தான் நமக்கு அடித்தளம். இங்கிலாந்து மறு ஆண்டே புதுச் சட்டம் இயற்றிப் பழைய பாகுபாட்டைத் தூக்கி எறிந்தது. நமக்கு அந்தப் பழசே மிச்சம். அதன்படி இடத்துக்காரர் தன் ஆதாயத்துக்காக வரவழைத்தவர் ஒரு ரகம், சும்மா வர விட்டவர் இன்னொரு ரகம். காசு வாங்கி உள்ளே விட்டால் குறைந்தபட்சம் முதல் ரகம். இடத்துக்காரருக்குத் தெரிந்த ஆபத்துக்கு மட்டுமல்ல, தெரிந்திருக்க வேண்டிய ஆபத்துக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். இலவசமாக உலாவ விட்டால் இரண்டாம் ரகம். இடத்துக்காரருக்குத் தெரிந்தே மறைந்திருந்த ஆபத்துக்குத்தான் பெரும்பாலும் பொறுப்பு.

அந்தத் ‘தெரிந்தே’ என்ற இடத்தில்தான் நம் ஜனங்கள் தோற்கிறார்கள். பலகை உளுத்தது ஊருக்கே தெரியும், கடைக்காரருக்குத் தெரியும், மீன்பிடிக்கப் போகிறவருக்குத் தெரியும். மன்றத்துக்கு எழுத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புகார் எண்ணோடு ஒரு கடிதம் போயிருந்தால், எங்களுக்குத் தெரியாது என்ற சாக்கு அன்றோடு செத்தது. கமிட்டியில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் எழுத வேண்டிய கடிதம் அது. எழுத வேண்டியவர் எழுதாமல் இருந்துவிட்டு, விழுந்தவனுக்குப் புத்தி சொல்கிறார்.

அடுத்து, ‘சொந்தப் பொறுப்பில் நுழையவும்’ என்ற அறிவிப்புப் பலகையைத் தூக்கிப் பிடிக்கிறார். எழுதி வைத்துவிட்டார்களாம், தீர்ந்ததாம். காசு வாங்கி மோட்டார் வாடகைக்கு விடுகிறவர், படகில் ஏற்றுகிறவர், இவர்களோடு நமக்கு உள்ளது ஒப்பந்தம். வழக்குப் போடும் உரிமையையே முற்றாகப் பறிக்கும் ஒப்பந்த ஷரத்து, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி செல்லாது. சி.ஐ.எம்.பி. வங்கிக்கும் அந்தோனி லாரன்ஸ் பூர்க் என்பவருக்கும் நடந்த வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே இப்படித் தீர்ப்பளித்தது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் சேர்த்த பகுதி, நியாயமற்ற ஒப்பந்த விதிகளைத் தனியாகவே கண்டிக்கிறது. காசு வாங்காத இடத்தில் அறிவிப்புக்குக் கொஞ்சம் பலம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கும் கேள்வி வரும்: ‘ஆழம், கவனம்’ என்று எதைக் குறித்து எச்சரித்தார்கள்? உளுத்த பலகையைக் குறித்தா? எச்சரிக்கை என்றால் எந்த ஆபத்து, எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவாக ஒரு தகரத்தை நட்டுவிட்டுப் போவது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை. வருகிறவனை அது காப்பாற்றாது.

யாரோ வக்கீல் சொல்லிக்கொடுத்த இரண்டு வழக்குகளையும் வீசினார். ஒன்று இங்கிலாந்தின் டாம்லின்சன் வழக்கு. 1995இல் பதினெட்டு வயது இளைஞர் ஒரு பூங்கா ஏரியில் பாய்ந்து கழுத்து முறிந்தார். 2003இல் பிரபுக்கள் சபை அவருக்கு இழப்பீடு இல்லை என்றது. சரி, ஏன் இல்லை என்றது? ஏரியில் மறைந்திருந்த ஆபத்து எதுவுமில்லை, நீந்தக் கூடாது என்று பலகை இருந்தது, சொல்லித் தடுக்க ஆட்கள் இருந்தார்கள், ஆழமில்லாத தண்ணீரில் பாய்ந்தது அவரே எடுத்த முடிவு. இடத்தின் கோளாறால் வந்த காயம் இல்லை என்பதே தீர்ப்பின் உயிர்நாடி. இடத்தின் கோளாறால் வந்த காயத்தைப் பற்றி நான் பேசுகிறேன். தனக்கு எதிரான தீர்ப்பையே தனக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறார் மனிதர்.

இரண்டாவது ஹைலண்ட் டவர்ஸ். 1993இல் 48 பேரைப் பலி கொண்ட அந்த அடுக்குமாடி வழக்கில் 2006இல் கூட்டரசு நீதிமன்றம் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது உண்மைதான். அங்கே கழகத்தைக் காத்தது சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு. பிறர் கட்டும் கட்டடத்தின் வரைபடத்தை அங்கீகரிப்பதும் பரிசோதிப்பதும் சம்பந்தப்பட்ட கவசம் அது. தானே போட்டு, தானே ஆட்களை நடக்கவிட்ட நடைபாதையின் ஆணிக்கும் அதே கவசம் பொருந்தும் என்று எந்த நீதிபதியிடம் வாதிடப் போகிறார்?

அவர் சொல்லாமல் விட்ட வழக்குகளும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ராட்னஸ்ட் தீவில், பேசின் என்ற குளிக்கும் துறையில், நீருக்கடியில் இருந்த பாறையில் மோதி ஒருவர் முடங்கிப்போனார். மக்களை அங்கே நீந்தும்படி ஊக்கப்படுத்திய தீவு ஆணையம், பாறையைப் பற்றி எச்சரிக்கவில்லை என்று 1993இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அதைப் பொறுப்பாளி ஆக்கியது. சிட்னியின் பாண்டி கடற்கரையில் 1997இல் கொடிகளுக்கு நடுவே, அதாவது பாதுகாப்பானது என்று காட்டிய இடத்தில், இறங்கிய ஒருவர் மணல்திட்டில் மோதிக் கைகால் விளங்காமல் போனார். அவர் பங்குத் தவறுக்கு 25 விழுக்காடு கழித்து நடுவர்கள் 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர் விதித்தார்கள். மேல்முறையீட்டில் போன பணத்தை 2005இல் உயர்நீதிமன்றம் மீட்டுக்கொடுத்தது. பிறகு பாண்டி கடற்கரைக்குப் பூட்டு விழுந்ததா? இன்றைக்கும் உலகமே அங்கேதான் குளிக்கிறது. பூட்டிவிடுவார்கள் என்ற பூச்சாண்டிக்கு வேறு பதில் தேவையா? தவிர, பொதுப் பொறுப்புக் காப்புறுதி என்று ஒன்று உள்ளாட்சி மன்றங்களுக்கு இருக்கிறது. மரம் விழுந்தால் அதைக் காட்டுகிறார்கள். பலகை உடைந்தால் மட்டும் கஜானா காலி என்பது கதை.

பேராசை என்று சொன்னாரே, அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தோட்டத்தில் குலை வெட்டும் நாற்பது வயது ஆள் ஒருவர், குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதுவரை இருபது வருட உழைப்புப் போயிற்று. 2019 திருத்தத்துக்குப் பிறகுள்ள சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு, அறுபதிலிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்கச் சொல்கிறது. ஆக, பத்து வருடம்தான். இரண்டு லட்சத்து நான்காயிரம் வெள்ளி, அதிலும் வாழ்க்கைச் செலவைக் கழித்து. கவனக்குறைவு தன்பக்கமும் இருந்தால் 12ஆம் பிரிவில் அந்தப் பங்கும் கழியும். உயிரே போனால் துயரத்துக்கென்று சட்டம் தருவது 30,000 வெள்ளி; 2019க்கு முன்பு அது 10,000. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் இந்தப் பணத்தில் பங்களா கட்டுவார்களா? வக்கீல்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்றும் ஒரு குத்தல். ஜெயித்த பணத்தில் விழுக்காடு பேசிக்கொள்வதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் நம் தலையில் விழும். லாட்டரிச் சீட்டு வாங்குகிற சுகத்துக்கு யாரும் இதில் இறங்குவதில்லை.

மிச்சம் இருப்பது விதி. விதியைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இருக்கலாம், வயதாகிவிட்டது. ஆனால் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு இந்தக் குரல் பழசு. விரல் போனவனிடம், பார்த்து வெட்டியிருக்க வேண்டும் என்று சொன்ன அதே குரல். 1952இல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டமும் 1969இல் சொக்சோ சட்டமும் தோட்டத்துக்காரனுக்குக் கிடைத்தது விதியை நம்பி அல்ல. 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் பெர்ரி முனையம் இடிந்து 32 பேர் மாண்டார்கள், 1,600க்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். புனித அன்னம்மாள் திருவிழாக் கூட்டமும் சீனர் கோயில் விழாக் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்த நாள் அது. அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்து தூணையும் நிர்வாகத்தையும் விசாரித்தது. திருவிழாவுக்குப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பொதுமக்கள் பாலத்தின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு ஏறுவதில்லை. அதைப் பார்க்கத்தான் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறோம். அந்தச் சம்பளம் நம் வரிப்பணம்.

இந்த உபதேசம் வெறும் பேச்சாக இருந்தால் விட்டுத்தள்ளலாம். இது காலத்தைத் தின்கிறது. தனியார்மேல் வழக்குப் போட ஆறு வருடம் உண்டு. மாவட்ட மன்றம் போன்ற பொது அமைப்பின்மேல் 36 மாதம்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. இறந்தவரின் குடும்பம் வழக்குப் போட மூன்று வருடம். ஆறட்டும், பேசிப் பார்ப்போம், பெரியவர்கள் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தால் முப்பத்தேழாவது மாதம் எவ்வளவு நல்ல வழக்கும் குப்பைக்குப் போகும். ஆகவே அடிபட்டவர் செய்ய வேண்டியது இது: அன்றே போலீஸ் புகார், தஞ்சோங் காராங் மருத்துவமனையானாலும் சபாக் பெர்ணம் மருத்துவமனையானாலும் சிகிச்சைச் சீட்டு, உடைந்த இடத்தை ரிப்பேர் பண்ணுமுன் படம், பார்த்தவர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும், மன்றத்துக்கு எழுத்தில் கடிதம், பிறகு வக்கீல். பெரியவரின் தேநீர்ச் சொற்பொழிவை இந்த ஆறும் முடிந்தபிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிராணியாக இருந்த கை, கடிதம் எழுதத் தெரிந்த கை. எந்தப் பலகை, எந்தப் படி, எந்த ஊஞ்சல் என்று பட்டியல் போட்டு, தேதியிட்டு, கமிட்டி முத்திரையோடு மாவட்ட மன்றத்துக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்கட்டும். சரிசெய்துவிட்டால் கேஸுக்கே வேலையில்லை, அவர் ஆசைப்பட்டதும் அதுதானே. சரிசெய்யாவிட்டால், அடுத்து விழுகிறவனின் வக்கீல் கையில் முதல் சாட்சிப் பொருள் அவர் கையெழுத்தாகவே இருக்கும்.