வானத்துக் கண்ணும் மண்ணின் சாட்சியும்

தமிழ் படித்தவர்க்குச் செய்மதிப் படத்தில் என்ன வேலை? தொலையுணர்தலும் இலக்கமுறைப் படப் பகுப்பாய்வும் பற்றிய பல்கலைக்கழகப் பாடநெறியொன்றில் நாம் சேர்ந்தபோது நண்பர் சிலர் கேட்ட கேள்வி இது. நகையாகக் கேட்டனராயினும் விடையிறுக்காது விடுதல் தகாது. விஞ்ஞானம் ஒரு சிலரின் உடைமை, ஏனையோர் அதன் தீர்ப்புக்குத் தலைவணங்கக் கடமைப்பட்டவர் என்னும் எண்ணம் இக்கேள்வியின் பின்னே ஒளிந்திருக்கிறது.

நாம் கற்றது யாது? செய்மதி காட்டையும் காண்பதில்லை, வயலையும் காண்பதில்லை. நிலத்திலிருந்து தெறித்து வரும் ஒளியின் அளவை எண்களாகப் பதிகிறது. பசிய இலை செவ்வொளியை உறிஞ்சும். கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ் ஒளியைப் பெருமளவு தெறிக்கச் செய்யும். இவ்விரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையாற் பிரித்தாற் கிடைப்பது தாவரச் சுட்டெண். அது பசுமையின் செறிவைச் சொல்லும். அந்நிலத்தில் யார் வியர்வை விழுந்தது என்று சொல்லாது. எண்ணுக்குக் ‘காடு’ என்றும் ‘வயல்’ என்றும் பெயர் சூட்டுபவன் மனிதனே.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 2009இற் போர் முடிந்தபின் மன்னாரின் முசலிப் பகுதிக்கு மீண்டோர் தம் வயலிலும் வளவிலும் கண்டது பற்றைக்காடு. இருபது ஆண்டுகளாக ஏர் படாத நிலம் வேறெவ்வாறு இருக்கும்? வன்னியில் இடம்பெயர்ந்த தமிழ் உழவரின் காணிகள் பலவற்றுக்கும் இதுவே கதி. இன்றைய படத்தை மட்டும் நோக்குபவன் இவற்றுக்குக் ‘காடு’ என்றே பெயரிடுவான். அவன் இட்ட கோடு சட்டமாகுமாயின் உழவன் தன் நிலத்திலேயே அத்துமீறியவனாகிறான்!

குற்றம் செய்மதியினுடையதா? அன்று. 1972இல் முதலாவது லாண்ட்சாற் ஏவப்பட்ட நாள் தொட்டு இப்படங்கள் சேர்ந்து வருகின்றன. 2008இல் அச்சேமிப்பு உலகத்தார்க்கு இலவசமாகத் திறக்கப்பட்டது. காட்டின் பசுமை பெரும்பாலும் நிலைத்து நிற்கும். வயலோ காலபோகத்தில் நீர் தேங்கிப் பசுத்து, அறுவடைக்குப்பின் வெறுந்தரையாகும். இடப்பெயர்வுக்கு முந்திய படங்கள் கிடைக்குமிடத்து இம்மாறுதலைத் தேடினால் அவையே உழவனுக்குச் சாட்சி கூறும். அன்றியும், களத்திற் சென்று சரிபார்க்காத வகைப்படுத்தலை நம்பற்க என்பது இத்துறையின் பாலபாடம். அலுவலக நாற்காலியிலிருந்தே தீர்ப்பெழுதுவோர் மக்களை மட்டுமன்றி விஞ்ஞானத்தையும் அவமதிக்கின்றனர்.

காட்டை அழிக்க நாம் வாதாடுகிறோம் என்று எவரும் திரிக்க வேண்டா. காடு காக்கப்படல் வேண்டும். மரங்களைத் திருட்டுத்தனமாக வெட்டி விற்போரையும் இதே படங்கள் காட்டிக்கொடுக்கும். வேண்டுவது ஒன்றே: உழுதவனின் உறுதியும், ஊர் முதியோரின் வாய்மொழியும், பழைய படமும் ஒருங்கு வைத்து ஆராயப்படல் வேண்டும்.

அதற்கு உழவனின் பிள்ளை அப்படத்தை வாசிக்கக் கற்க வேண்டும். நாம் கற்ற பாடநெறியோ முற்றாக ஆங்கிலத்தில் நடந்தது. தமிழிற் கலைச்சொல் இல்லை என்பார் இனியும் ஏமாற்ற முடியாது. மேலே நாம் எழுதியவை அனைத்தும் தமிழே. தமிழ் படித்தவர்க்கு இங்கென்ன வேலை என்று கேட்ட நண்பர்காள், இதுதான் வேலை. நிலத்தின் தலைவிதியை எழுதும் மொழி, நிலத்தை உழுபவனுக்கு விளங்கும் மொழியாகும்வரை இவ்வேலை ஓயாது.