நாலடி நட

"யாரு மாஜிஸ்திரேட்? கையைத் தூக்குங்க" என்றார் அந்த அம்மா.

முன்வரிசை மாணவர் ஒருவர் எழுந்துபோய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். இன்னொருவரைத் தனியே அழைத்துக் காதில் என்னவோ சொல்லி, மேசைக்கு எதிரே நிறுத்தினார் அம்மா. அவர் முதுகை ஒட்டினாற்போல் இருவர் போலீஸாக நின்றார்கள். மணி இரவு பதினொன்று, இடம் மாஜிஸ்திரேட் வீட்டுக் கூடம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்.

'மாஜிஸ்திரேட்' பெயர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார். எதற்காகப் பிடித்தார்கள் தெரியுமா என்று கேட்டார். பிறகு, "போலீஸ் அடிச்சாங்களா?"

"இல்லைங்க ஐயா."

ரிமாண்ட் உத்தரவில் கையெழுத்து விழுந்தது. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

"இந்தத் தம்பி காதுல நான் சொன்னது இதுதான். சாயங்காலத்துலேர்ந்து உன்னை உள்ளங்கால்ல அடிச்சிருக்காங்க. அடிச்சது பின்னாடி நிக்கிற ரெண்டு பேர்." வகுப்பு அமைதியானது. "ஏன்ப்பா இல்லைன்னு சொன்னே?"

"இவங்களோடதானே மேடம் திரும்பிப் போகணும்?" என்றார் அந்த மாணவர். அந்தப் பதிலை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சட்டத்தின் ஆட்சி என்ற பாடத்துக்கு இந்தப் பருவத்தில் விருந்தினர்களை அழைத்துப் பேசவைக்கிறோம். அன்று வந்த அந்த அம்மா முப்பது ஆண்டுக்கு மேல் கீழ்க்கோர்ட்டுகளில் மாஜிஸ்திரேட்டாகவும் நீதிபதியாகவும் இருந்து ஓய்வுபெற்றவர். இந்தப் பாடத்தை நான் பதினைந்து ஆண்டுகளாக நடத்துகிறேன். 1885-இல் வெளிவந்த ஆங்கிலச் சட்ட அறிஞர் டைசியின் புத்தகத்தில் தொடங்கி, உச்ச நீதிமன்றத்தில் பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்த கேசவானந்த பாரதி வழக்கில் முடிப்பேன். அந்த வழக்கின் பெருமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பிடிபட்ட ஒரு மனிதன் அரசியல் சாசனத்தை முதன்முதலில் சந்திக்கும் இடம் டெல்லி அல்ல. தாலுகா ஊரில் ஒரு மாஜிஸ்திரேட்டின் மேசை அது. அங்கே அது இல்லையென்றால் மேலே இருந்து அவனுக்கு என்ன பயன்?

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது சாசனத்தின் 22-வது பிரிவு. பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. முதல் தடவை ஆளை நேரிலேயே நிறுத்தியாக வேண்டும், வீடியோவில் காட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்பது கருணை அல்ல, கடமை. பம்பாய் லாக்கப்பில் இருந்த பெண்களுக்காகப் பத்திரிகையாளர் ஷீலா பார்சே எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1983-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் உத்தரவிட்டது.

ஆனால் எப்படிக் கேட்பது? அதை எந்தத் தீர்ப்பிலும் நான் படித்ததில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் தயங்கிக்கொண்டே, "அவங்களை வெளியே நிக்கச் சொல்லலாமா மேடம்?" என்றாள்.

"சொல்லலாமா இல்லம்மா, சொல்லணும். வாசலைத் தாண்டி நிக்கச் சொல்லு. அப்புறம் அந்த ஆளை நாலடி நடக்கச் சொல்லு. வாய் பொய் சொல்லும், கால் சொல்லாது. நடந்து வந்ததும் நாற்காலியில உட்காரச் சொல்லு. எப்படி உட்கார்றான்னு பாரு. குடிக்கத் தண்ணி குடு, டம்ளரை எந்தக் கையால வாங்குறான், விரலை மடக்க முடியுதான்னு பாரு. இதுக்கெல்லாம் அஞ்சு நிமிஷம் போதும்."

என் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

இதைக் கேட்கும்போது சாத்தான்குளம் நினைவுக்கு வராமல் இருக்குமா? 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் காவலில் எடுத்தது. அரசு மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று கிடைத்தது. ரிமாண்ட் உத்தரவு கிடைத்தது. கோவில்பட்டி கிளைச் சிறையின் கதவும் திறந்தது. 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், விடிந்ததும் அப்பா. டாக்டர், மாஜிஸ்திரேட், சிறை என்று மூன்று வாசல்களைச் சட்டம் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் நின்று பார்ப்பதற்குத்தான் ஆள் வைத்திருக்கிறது. அடிபட்ட உடம்போடு மூன்றையும் அந்த இருவர் கடந்து போனார்கள். பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விடச் சொன்னது. விசாரிக்கப் போனவரும் ஒரு மாஜிஸ்திரேட்தான், கோவில்பட்டியிலிருந்து. அதே பதவி, அதே அதிகாரம். மிரட்டலுக்கு நடுவே ஒரு பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலத்தை அவர் பதிவுசெய்தார்.

அந்த அம்மாவுக்கு முந்தைய வாரம் எங்கள் வகுப்புக்கு வந்தவர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் ரைட்டர். அதிகம் பேசவில்லை. ஒன்றைச் சொன்னார்: "இருபத்துநாலு மணி நேரம் ஆளைப் பிடிச்சப்போ ஆரம்பிக்காது சார். நான் பேனாவைத் திறந்தப்போதான் ஆரம்பிக்கும்." டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதினோரு கட்டளைகளில் கைதுக் குறிப்பு ஒன்று. நேரமும் தேதியும் எழுதி, குடும்பத்தில் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கைதானவரும் கையெழுத்திட வேண்டும். அது எதற்காக என்று அந்த ஒரு வாக்கியத்தில் மாணவர்களுக்குப் புரிந்தது.

சட்டக் கல்விக்கூடங்கள் விருந்தினர் என்றாலே உயர் நீதிமன்ற நீதிபதிகளைத்தான் தேடுகின்றன. வரட்டும், கேட்போம். ஆனால் ரைட்டரையும் சிறை டாக்டரையும் இரவு பதினொரு மணிக்குக் கதவைத் திறந்த மாஜிஸ்திரேட்டையும் கூப்பிடாமல் இந்தப் பாடத்தை முடிக்க எனக்கு இனி மனம் வராது. இந்த வகுப்பிலிருந்து நாலைந்து பேராவது சிவில் நீதிபதி தேர்வு எழுதி அந்த மேசையில் உட்காரப்போகிறார்கள்.

முடிக்கும் நேரத்தில் அந்தக் கடைசி பெஞ்ச் பெண் கேட்டாள்: "நீங்க எல்லாரையும் நடக்கச் சொன்னீங்களா மேடம்?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"சர்வீஸ்ல சேர்ந்த ரெண்டாவது வருஷம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். என் பொண்ணுக்குக் காய்ச்சல், தோள்ல போட்டுக்கிட்டே கதவைத் திறந்தேன். சின்னப் பையன், சைக்கிள் திருட்டு. பேப்பரை வாசல்லயே வாங்கி, சுவத்துல வச்சுக் கையெழுத்துப் போட்டேன். கேட் வரைக்கும் அவன் எப்படி நடந்து போனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை."