அவஸ்தைக்கும் சுகத்திற்கும் இடையே

தமிழ்க் கத்தோலிக்கர் பேச்சில் 'அவஸ்தை' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. 'தாத்தாவுக்கு அவஸ்தை கொடுத்தாயிற்று' என்று ஒரு வீட்டில் சொன்னால், கேட்பவர் மனம் அடக்க நாளை எண்ணத் தொடங்கிவிடும். வடமொழியில் 'நிலை' என்று பொருள்படும் இச்சொல், தமிழில் துன்பத்தைக் குறித்து, பங்கு வழக்கில் மரணத் தறுவாயாகவே சுருங்கிவிட்டது. நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருளடையாளம் நெடுங்காலம் 'அவஸ்தைப்பூசுதல்' என்றே வழங்கியது.

இறுதிப்பூசுதல் என்பதைவிட நோயில்பூசுதல் என்பதே இதற்குப் பொருத்தமான பெயர் என்றும், இது சாகுந்தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்றும் 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்குமுறையையே திருத்தினார். கடும் நோயால் அறுவை சிகிச்சைக்குச் செல்பவரும் முதுமையில் தளர்ந்தவரும் இதைப் பெறலாம். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். பெயர் மாறி அரை நூற்றாண்டு கடந்தும் அச்சம் மாறவில்லை. 'சாமியார் வந்தால் அப்பா பயந்துவிடுவார்' என்று கடைசி நாள்வரை அழைப்பைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் தாராவியின் ஒற்றையறை வீடுகளில் இன்றும் உண்டு. ஒரு சொல்லின் பொருளை அகராதியைவிட வழக்கமே தீர்மானிக்கிறது. எண்ணெய்ச் சிமிழ் மரணப் படுக்கையருகே மட்டுமே காணப்படும்வரை, எந்தப் புதுப்பெயரும் பழைய பொருளையே சுமக்கும்.

இதற்கு மறுமுனையில் நிற்கும் சொல் 'சுகம்'. சுகமளிக்கும் கூட்டங்களில் நோய் ஒரே இரவில் நீங்கவேண்டும். நீங்கியவருக்குச் சாட்சி சொல்ல மேடை உண்டு. நீங்காதவருக்கு எஞ்சுவது 'விசுவாசம் போதவில்லை' என்னும் பழி. மருந்துக்கு வசப்படாத காசநோய் பெருஞ்சிக்கலாக உள்ள மும்பையில் இந்தச் சொல்லாட்சிக்கு விலை உண்டு. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். சில வாரங்களிலேயே இருமல் தணிந்து உடல் தேறத் தொடங்கும். அந்தத் தேறுதலையே 'சுகம்' என்று பெயரிட்டு மாத்திரையை நிறுத்துபவரிடம், நோய் முன்னினும் வலிமையோடு திரும்பி வரலாம்.

இவ்விரு சொற்களுக்கும் குறை ஒன்றே: இரண்டும் நோயை ஒரு கணமாகக் காண்கின்றன. அவஸ்தை இறுதிக் கணம். சுகம் அற்புதக் கணம். இடையே நீளும் மாதங்களுக்குப் பங்கு வாழ்வில் பெயர் இல்லை. பெயரில்லாததால் பொறுப்பாளரும் இல்லை.

ஆனால் அதற்குரிய சொல் மும்பைத் தமிழரின் நாவிலேயே இருக்கிறது. தாராவியை அடுத்த மாகிம் தூய மிக்கேல் ஆலயத்தில் 1948 முதல் புதன்தோறும் நவநாள் நடைபெறுவது இடைவிடா சகாய மாதாவுக்கு. செம்பூர் ஆலயமும் அந்தப் பெயரையே தாங்குகிறது. மாதுங்கா தொன் போஸ்கோ திருத்தலம் சகாய அன்னைக்கு உரியது. அவஸ்தையும் சுகமும் வந்து போகும். 'இடைவிடா' என்னும் அடை சகாயத்திற்கே வாய்த்தது. குணமாக்கும் பணி அந்த அடைமொழிக்குப் பொருள் தருவதாக இருக்கவேண்டும்.

யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் மூப்பர்களைப் பன்மையில் அழைக்கச் சொல்கிறது. அடுத்து, ஒருவருக்காக ஒருவர் மன்றாடும் பொறுப்பை எல்லாருக்கும் தருகிறது. குணமாக்குதல் மருத்துவமனைக்கு மட்டுமன்றிச் சபை முழுமைக்கும் உரிய பணி என்று 1964இல் டூபிங்கனில் கூடிய திருச்சபை மருத்துவப் பணியாளரும் வலியுறுத்தினர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் 1970இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் பணி தொடங்கி, எழுத்தறியாத கிராமத்துப் பெண்களையும் நலப் பணியாளராக்கிக் காட்டினர்.

தாராவியின் அன்பியங்களாலும் இது முடியும். நோயாளி ஒருவருக்கு அண்டை வீடு ஒன்று பொறுப்பேற்கலாம்: மாத்திரையை நினைவூட்ட, சயான் மருத்துவமனை வரிசையில் உடன் நிற்க, மொழிபெயர்க்க. திருநெல்வேலியிலிருந்து வந்த மூதாட்டி 'கடுக்கிறது', 'குத்துகிறது', 'எரிகிறது', 'உளைகிறது' என்று பிரித்துச் சொல்லும் வலிகளெல்லாம் மருத்துவர் முன் 'தர்த்' என்னும் ஒற்றை இந்திச் சொல்லாகிவிடுகின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்ல ஒருவர் உடன் செல்வதும் குணமாக்கும் பணியே.

இது அருளடையாளத்தைச் சமூகசேவையாகக் குறைத்துவிடும் என்ற எதிர்ப்பு எழக்கூடும். உண்மையில் அதன் பொருளை மீட்கும் வழி இதுவே. வாரந்தோறும் அண்டை வீட்டாரோடு வந்து அமர்ந்த சாமியார் ஒருநாள் எண்ணெயோடு வந்தால் அப்பா பயப்படமாட்டார். அன்றுதான் அச்சடங்கின் பெயர் உண்மையாகவே மாறியிருக்கும்.