ஏடு தொலைந்தால் நாடு தொலையும்

"எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டோம், இனிக் கடுதாசி எதற்கு?" என்ற பேச்சு இப்பொழுது கந்தோர்கள் தோறும் கேட்கிறது. தோட்டத்துப் பழைய இடாப்புகளைப் படம் பிடித்துவிட்டு மூலத்தை எரித்துவிடலாம் என்பாரும் உளர். இந்தப் பேச்சைத் தோட்டத் தொழிலாளர் நம்பலாகாது.

ஏன்? ஆவணம் இல்லாதவர் என்ன ஆவார் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டமோ, 1946ஆம் ஆண்டுக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கு வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. கொழுந்து பறித்த கையிடம் கடுதாசி கேட்டார்கள். அவள் பேர் விழுந்த செக்றோல் எங்கே இருந்தது? துரையின் பூட்டுக்குள்! அந்த அநீதியின் மிச்சத்தைத் துடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை உலகம் அறியும். அதே ஆண்டு ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தைப் பகுதிகளில் லயங்கள் தாக்கப்பட்டன. நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று கணக்குச் சொல்கிறோம். லயத்துத் தகரப் பெட்டிகளோடு அழிந்த பிறப்புச் சான்றிதழ்களை எண்ணியவர் யார்?

அப்படியானால் மின்னேடு வேண்டாம் என்கிறோமா? இல்லை! தன்னார்வலர் உழைப்பில் 2005ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் 'நூலகம்' மின்நூலகம் அதன் பயனுக்குச் சான்று. ஆனால் மின்னேடும் பிறந்து, மூத்து, மடிவதே. வட்டு பழுதாகும், கோப்பின் வடிவம் வழக்கொழியும். 2023 ஆகஸ்டில் அரசின் மின்னஞ்சல் கட்டமைப்பைக் கப்பம் கேட்கும் தீநிரல் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் அழிந்தன. மென்பொருளோ பழையது, அக்காலத்துக்குக் காப்புப் பிரதியும் இல்லை. மந்திரிசபைக் கந்தோரும் தப்பவில்லை. மந்திரிசபைக்கே இந்தக் கதியென்றால், எந்தானைத் தோட்டத்துச் செக்றோலுக்கு எந்தக் கதி?

தோட்டங்கள் 1970களில் அரசுக்கும் 1992இல் கம்பெனி நிர்வாகத்துக்கும் கைமாறின. தேயிலைக்கும் றப்பருக்கும் கணக்கெடுத்தார்கள். பழைய இடாப்புகளுக்கு எடுத்தார்களா? பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், சேமலாப நிதியில் இன்னொரு பெயர் என அலைகிறவரின் பிழையை அப்படியே கணினியில் ஏற்றினால், பிழைக்கு நீண்ட ஆயுள் கிடைக்குமேயன்றி அவருக்கு நீதி கிடைக்காது.

தகவலறியும் உரிமைச் சட்டம் (2016) அரச நிறுவனங்கள் புதிய பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டு பேண வேண்டும் என்கிறது. தொழிலாளியின் உழைப்பு 12 ஆண்டிலா முடிகிறது? நாற்பதாண்டு உழைத்தவருக்கு நாற்பதாண்டுப் பதிவும் வேண்டும். எழுதுபவர் யார், திருத்துபவர் யார், பிரதிகள் எங்கெங்கே, யார் சம்மதத்தோடு அழிப்பது: இவை அனைத்துக்கும் சட்டம் வேண்டும். தொழிலாளியின் கையில், தமிழில், ஒரு பிரதி வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! தோட்டப் பள்ளியின் சேர்வு இடாப்பும் ஒரு குடும்பம் இங்கு வாழ்ந்ததற்குச் சாட்சிதான். அது இன்று உங்கள் பொறுப்பில் இருக்கிறது. படம் பிடியுங்கள், பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள், மூலத்தை எரிக்க எவர் வந்தாலும் விடாதீர்கள்!