முப்பது ரூபாய் வயரும் மூணு மணி நேரமும்

உங்க வீட்டு காரிலோ, தெருவில் யாராவது ஓட்டுற டாக்ஸியிலோ, டேஷ்போர்டில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிஞ்சு பார்த்திருப்பீங்க. வொர்க்‌ஷாப்புக்குப் போனா ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் ஒரு ஸ்கேனரைச் செருகுவாங்க. ஒரு நிமிஷத்தில் கோடு வந்துடும். "சென்சார் போச்சு சார்" என்பாங்க. மாத்தின பிறகும் விளக்கு எரியும். அடுத்த வாரம், "சென்சார் இல்ல சார், ஈசியூவே போச்சு" என்பாங்க. சில ஆயிரத்தில் ஆரம்பிச்ச பில், பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

இதைக் கேட்டதும் "எல்லாரும் ஏமாத்துறாங்க" என்று சொல்லிட்டுப் போயிடுறோம். நான் அப்படி நினைக்கலை. இந்தத் தப்பில் ஒரு பெரிய பங்கு, காசு கொடுக்கிற நம்ம பழக்கத்தில் இருக்கு. இன்னொரு பங்கு, நம்ம மாதிரி காலேஜ்களில் பாடம் நடக்கிற விதத்தில் இருக்கு. அதைத்தான் இங்கே சொல்லப் போறேன். ஈஈஈ, ஈசிஈ, மெக்கானிக்கல் எதுவா இருந்தாலும் படிங்க. நாளைக்கு உங்க கையிலும் ஒரு வண்டி இருக்கும்.

முதல்ல, கோடு என்ன சொல்லுது என்று பார்ப்போம்.

பி0118 என்று ஒரு கோடு உண்டு. எஞ்சின் கூலன்ட் வெப்பநிலை சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகமா இருக்கு என்பது அதன் அர்த்தம். "சர்க்யூட்" என்ற சொல்லைக் கவனிங்க. சென்சார் கெட்டுப்போச்சு என்று அது எங்கேயும் சொல்லலை. அந்த சென்சார் ரெண்டே வயர் உள்ள ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். ஈசியூ உள்ளே இருந்து ஒரு ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட் அனுப்பி, வோல்டேஜ் எவ்வளவு இறங்குது என்று பார்க்கும். வழியில் எங்கேயாவது வயர் அறுந்தா வோல்டேஜ் இறங்காது. 5 வோல்ட் அப்படியே நிற்கும். ஈசியூ அதை மைனஸ் 40 டிகிரி குளிர் என்று எடுத்துக்கும். ராஜபாளையத்து மே மாச வெயிலில் மைனஸ் 40! அது நடக்காது என்று ஈசியூவுக்கும் தெரியும். அதனால்தான் விளக்கைப் போடுது.

இப்போ சென்சார் கெட்டிருக்கலாம். சிக்னல் வயர் அறுந்திருக்கலாம். கிரவுண்ட் வயர் அறுந்திருக்கலாம். கனெக்டரில் பின் லூஸா இருக்கலாம். கடைசியா, அபூர்வமா, ஈசியூவே கெட்டிருக்கலாம். இந்த ஐந்துக்கும் ஒரே கோடுதான். ஸ்கேனர் உங்களைத் தெருமுனையில் இறக்கி விடுது. எந்த வீடு என்று நீங்கதான் விசாரிக்கணும்.

விசாரிக்கிறது பெரிய வித்தையா? இல்லை. சென்சார் கனெக்டரைக் கழற்றுங்க. வயரிங் பக்கத்துக் கனெக்டரில் இருக்கிற ரெண்டு பின்னையும் ஒரு சின்ன ஜம்பர் வயரால் இணைங்க. ஸ்கேனரில் வெப்பநிலை மைனஸ் 40-இல் இருந்து எகிறி 130-க்கு மேல போனா, ரெண்டு வயரும் நல்லா இருக்கு, ஈசியூவும் நல்லா இருக்கு. சென்சாரை மாத்தலாம். எகிறலையா? ஜம்பரின் ஒரு முனை சிக்னல் பின்னிலேயே இருக்கட்டும், மறு முனையை எஞ்சின் பாடியில் தொடுங்க. இப்போ எகிறினா, அறுந்தது கிரவுண்ட் வயர். அப்பவும் அசையலைன்னா சிக்னல் வயரைப் பிடிச்சுக்கிட்டுப் போகணும். அது முழுசா நல்லா இருக்கு என்று உறுதியான பிறகுதான் ஈசியூ மேல சந்தேகப்படலாம். சில வண்டிகளில் கோளாறு வந்ததும் ஈசியூ தானாவே ஒரு மாற்று வெப்பநிலையைக் காட்டும். அங்கே ஸ்கேனரை விட்டுட்டு மீட்டரில் வோல்டேஜைப் பாருங்க. மொத்தமா பத்து நிமிஷ வேலை. செலவு, ஒரு துண்டு வயர்.

அடுத்தது, மீட்டர் வெச்சிருக்கிற நம்ம எல்லாரும் நம்புற "பீப்". கன்டினியுட்டியில் பீப் அடிச்சா வயர் ஓகே என்று முடிவு பண்ணிடுறோம். மீட்டர் அனுப்புறது மில்லிஆம்பியர் அளவு கரன்ட். பல மீட்டர்கள் முப்பது ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். இருபது இழை உள்ள வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது பாஸ். ஆனா அந்த வழியில் ஓடப்போறது ஃபியூயல் பம்ப். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கிற பம்ப்பின் கிரவுண்ட் வழியில் துரு பிடிச்சு அரை ஓம் கூடிட்டா, சுமார் ரெண்டு வோல்ட் அங்கேயே போயிடும். பம்ப் சோர்வா ஓடும். பெட்ரோல் பிரஷர் குறையும். காற்று அதிகம், எரிபொருள் கம்மி என்று பி0171 கோடு வரும். அதைப் பார்த்து ஆக்ஸிஜன் சென்சாரை மாத்துவாங்க. துரு, டேங்க் பக்கத்து போல்ட்டில் நிம்மதியா உட்கார்ந்திருக்கும்.

இதைப் பிடிக்க வோல்டேஜ் டிராப் சோதனை போதும். பம்ப் ஓடிக்கிட்டு இருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை பம்ப்பின் கிரவுண்ட் பின்னிலும், மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைங்க. 0.1, 0.2 வோல்ட் என்றால் சரி. 2 வோல்ட் காட்டினா, துரு பிடிச்ச இடம் அந்தப் பாதையில்தான் இருக்கு. ஓம் விதிதான் இது. ஸ்கூலில் படிச்சோம், முதல் வருஷத்தில் மறுபடி படிச்சோம், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம். வண்டிக்கு அடியில் மட்டும் அது நம்ம ஞாபகத்துக்கு வர்றதில்லை.

இந்த மண்ணுக்கு என்று சில கோளாறுகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் நம்மளது. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, வயல் ஓரத்தில் ராத்திரி வண்டி நிற்கும். எஞ்சின் சூட்டுக்கு எலி ஏறும், வயரைக் கடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கனெக்டருக்குள் ஈரம் இறங்கும். ஹாரன், ஃபாக் லேம்ப், பாட்டு செட் மாட்டும்போது கம்பெனி வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுத்தி விட்டிருப்பாங்க. கோளாறு வந்த வண்டியில் முதல் பத்து நிமிஷம் கண்ணாலேயே இதையெல்லாம் பார்த்தா, பாதி விசாரணை அங்கேயே முடியும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்ஸி அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கோயிலுக்கு வர்றவங்களை மதுரை ஸ்டேஷனில் இருந்து ஏத்திட்டு வர்றதுதான் அவர் பிழைப்பு. அவர் வண்டி ஓடும்போதே சில சமயம் ஆஃப் ஆகும், அப்புறம் தானா ஸ்டார்ட் ஆகும். ஒரு இடத்தில் ரெண்டு சென்சார் மாத்தினாங்க. அடுத்த இடத்தில் ஈசியூ மாத்தணும் என்று அவருடைய ஒரு மாச வருமானத்துக்கு மேல சொன்னாங்க. கடன் வாங்க இருந்தவரை ராஜபாளையத்தில் வயரிங் மட்டும் பார்க்கிற ஒரு அண்ணாச்சியிடம் கூட்டிட்டுப் போனேன். அவர் ஸ்கேனரில் கோடைப் பார்த்துக் குறிச்சுக்கிட்டார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹார்னஸை அங்கங்கே பிடிச்சு ஆட்டிக்கிட்டே வந்தார். ஒரு இடத்தில் எஞ்சின் தடுமாறுச்சு. அங்கே டேப்பைப் பிரிச்சு ஒவ்வொரு வயரையும் மெதுவா இழுத்தார். ஒண்ணு மட்டும் ரப்பர் மாதிரி நீண்டுச்சு. உள்ளே செம்பு பச்சைப் பொடியா போயிருந்துச்சு. மேல ஒரு சின்ன ஊசி ஓட்டை. எப்பவோ யாரோ டெஸ்ட் லேம்ப்பால் குத்திப் பார்த்துட்டு ஓட்டையை மூடாம விட்டிருக்காங்க. மழைத் தண்ணி அது வழியா இறங்கி, வயரை உள்ளேயே தின்னுடுச்சு.

புது வயர் முப்பது ரூபாய் இருக்கும். தேட ஆன நேரம் மூணு மணி. அண்ணாச்சி 1,200 ரூபாய் கேட்டார். ஈசியூவுக்குக் கடன் வாங்கத் தயாரா இருந்த நம்ம டாக்ஸி அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு வயருக்கா அண்ணாச்சி இவ்வளவு?"

அவர் நல்லவர். கேட்டது மட்டும் தப்பு. நாம எல்லாருமே அப்படித்தான் கேட்கிறோம். பெட்டியில் வர்ற பொருளுக்குக் கேள்வி கேட்காம கொடுப்போம், கண்டுபிடிச்ச மூளைக்குப் பேரம் பேசுவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் போய், "பால் இவ்வளவு, சீனி இவ்வளவு, அதுக்கு மேல எதுக்குக் காசு?" என்று பால்கோவா கடையில் கேட்போமா? அடுப்பு முன்னாடி நின்னு கிண்டுறதுக்கும் சேர்த்துதான் விலை என்று அங்கே புரியுது. வண்டி வேலையில் மட்டும் புரியலை. இதன் விளைவு நேரடியானது. மூணு மணி நேரம் தேடி 1,200-க்குத் திட்டு வாங்குறதைவிட, பத்து நிமிஷத்தில் ஈசியூ மாத்தி அதில் கமிஷன் பார்ப்பது லாபம். நல்லா தேடுறவர் நஷ்டப்படுற மாதிரி நாமே விதி எழுதி வெச்சிருக்கோம்.

"எல்லாத்தையும் தேடிக்கிட்டு இருந்தா வொர்க்‌ஷாப் நடத்த முடியாது, மாத்திப் பார்ப்பதும் ஒரு சோதனைதானே" என்று நீங்க கேட்கலாம். ஷெல்ஃபில் இருக்கிற நல்ல பார்ட்டை மாட்டிப் பார்த்துட்டு, சரியாகலைன்னா திரும்பக் கழற்றி வெச்சா அது சோதனை. பில் போட்டா அது வியாபாரம். அதுவும் ஈசியூ விஷயத்தில் ஒரு ஆபத்து உண்டு. பழைய ஈசியூவை எரிச்சது வயரிங்கில் இருந்த ஒரு ஷார்ட் என்றால், புதுசையும் அதே ஷார்ட் எரிக்கும்.

இதில் கம்பெனிகளுக்கும் பங்கு இருக்கு. வயரிங் டயகிராம் கையில் இல்லாம, எந்த நிற வயர் எங்கே போகுது என்று தெரியாம, தெருவோர வொர்க்‌ஷாப் எப்படித் தேடும்? இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதிச்சது இந்த விவகாரத்தில்தான். உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி வொர்க்‌ஷாப்களுக்குத் தராம அடைச்சு வெச்சாங்க என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போச்சு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே பழுதுபார்க்கும் உரிமைக்கு மக்கள் வாக்களிச்சு சட்டம் வந்தது. இங்கே 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கி, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பைக்கில்கூட பெரும்பாலும் கார்புரேட்டர் போய் ஈசியூ வந்துடுச்சு. இனி டயகிராம் கேட்கப் போறது கார் மெக்கானிக் மட்டும் இல்லை.

இப்போ நம்ம பங்கு. லேபில் நமக்குத் தர்றது சரியா வேலை செய்ற சர்க்யூட். ரீடிங் எடுத்து, கிராஃப் போட்டு, ரெக்கார்டு எழுதினா முடிஞ்சது. கெட்டுப்போன சர்க்யூட்டை நம்ம கையில் யாரும் கொடுக்கிறதே இல்லை. அதனால் என் கோரிக்கை மூணு.

ஒண்ணு: பழைய கார் ஒன்றின் ஹார்னஸ், ஈசியூ, சென்சார்களை ஒரு பலகையில் மாட்டி லேபில் வைக்கணும். சீனியர்கள் அதில் கோளாறு வைக்கட்டும், ஜூனியர்கள் தேடட்டும். கேன் லைனின் ஒரு முனையில் இருக்கிற 120 ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிடுங்க. சாக்கெட்டில் 6, 14 பின்களுக்கு நடுவில் 60 ஓம் காட்ட வேண்டிய மீட்டர் 120 காட்டும். இணையா இருந்த ரெண்டில் ஒண்ணு காணோம் என்று ஒரு முறை கண்டுபிடிச்சவனுக்குப் பேரலல் சர்க்யூட் ஜென்மத்துக்கும் மறக்காது. மார்க், கண்டுபிடிச்சதுக்கு மட்டும் வேண்டாம். எந்த வரிசையில் தேடினான், ஏன் என்பதற்கும் கொடுங்க.

ரெண்டு: திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் வரைக்கும் வொர்க்‌ஷாப் வெச்சிருக்கிறவங்களை விருந்தினரா காலேஜுக்குக் கூப்பிடுங்க, சம்பளத்தோட. ஆட்டிப் பார்க்கிறது, இழுத்துப் பார்க்கிறது அவங்களிடம் நாம கத்துப்போம். டயகிராம் படிக்கிறது, கேன் சிக்னலை ஆஸிலோஸ்கோப்பில் பார்க்கிறது நம்மிடம் அவங்க கத்துக்கட்டும்.

மூணாவது கோரிக்கை உங்ககிட்ட. அடுத்த தடவை ஈசியூ மாத்தணும் என்று யாராவது சொன்னா, மூணு கேள்வி கேளுங்க. ஈசியூவுக்கு வர்ற பவரையும் கிரவுண்டையும் லோடு இருக்கும்போது அளந்தீங்களா? எத்தனை வோல்ட் காட்டுச்சு? வயரை ஆட்டிப் பார்த்தீங்களா? எண்ணோட பதில் சொல்ற வொர்க்‌ஷாப்பை நம்புங்க. அங்கே தேடுறதுக்கு என்று தனியா ஒரு கட்டணம் கேட்டா, பேரம் பேசாம கொடுங்க. அந்த டாக்ஸி அண்ணன் கடைசியில் 1,200-ஐக் கொடுத்துட்டுத்தான் வந்தார். இப்போ ஸ்டாண்டில் யார் வண்டி நின்னாலும், "முதல்ல அண்ணாச்சிகிட்ட காட்டு" என்கிறார். தேடத் தெரிஞ்சவங்களுக்கு இப்படிச் சோறு கிடைச்சாதான், தேடக் கத்துக்கணும் என்ற ஆசை அடுத்தவனுக்கும் வரும். அந்த அடுத்தவன் நம்ம கிளாஸிலேயே உட்கார்ந்திருக்கலாம்.