அதட்டல் வேண்டாம், விளக்கம் வேண்டும்



2017-இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் தமிழகத்தில் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தயங்கினர். இன்றோ, ‘மெட்பார்மின் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்’ என்ற வீடியோவைப் பார்த்துவிட்டு, சர்க்கரை நோயாளிகள் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்துகிறார்கள். உண்மையில் கட்டுப்படாத சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது.

“போனைப் பார்த்து வைத்தியம் பண்றவங்க இங்க ஏன் வர்றீங்க?” என்று மருத்துவர் அதட்டினால், நோயாளி அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். “மாத்திரையைப் பத்தி எதாவது பார்த்தீங்களா, என்ன பயம்?” என்று மருத்துவரே கேட்கட்டும், ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் அளவைக் காட்டி விளக்கட்டும். கூட்டம் அலைமோதும் அரசு மருத்துவமனைகளில் இதற்கெனச் செவிலியர் ஒருவரை நியமிக்க அரசு ஆவன செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், விருதுநகர்