உழைப்பின் கணக்கை உலக்கையிலிருந்து தொடங்குவோம்

காலையிலிருந்து இரவு வரை ஓயாமல் ஓடுகிறவரை நல்ல உழைப்பாளி என்று மெச்சுகிறோம். அந்த ஓட்டத்தில் என்ன விளைந்தது, யாருடைய சுமை குறைந்தது என்று மட்டும் கேட்பதில்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். எல் அண்டு டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது 2025 ஜனவரியில் வெளிவந்தது. தமிழக சட்டமன்றத்திலும் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது. கடும் எதிர்ப்பு எழுந்ததால், அது திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று முதல்வர் அறிவித்தார்.

இந்த விவாதங்கள் எல்லாமே மணிக்கணக்கைச் சுற்றித்தான் நடந்தன. கொல்லிமலையில் பிறந்து, இங்கேயே ஒரு மகளிர் குழுவுக்கு ஊக்குநராக வேலை பார்க்கும் எனக்கு இதில் ஒரு பெரிய விடுபடல் தெரிகிறது. மணிக்கணக்கில் எங்கள் மலைப் பெண்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால், ஒரு தானியத்தையே எங்கள் மலை கைவிடும் நிலைக்கு வந்ததும் அந்த மணிக்கணக்கால்தான்.

அந்தத் தானியம் சாமை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தேவனூர் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் எங்கள் மலையில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு எல்லாம் தலைமுறை தலைமுறையாக விளைந்தவை. சாமையில் மட்டும் கட்டவெட்டி, பெருஞ்சாமை, மல்லியச்சாமை என்று பல ரகங்கள் உண்டு. மழையை நம்பிய சரிவு நிலத்தில், பெரிதாகச் செலவு வைக்காமல் விளைந்து கொடுக்கும். அறுப்பு முடிந்தால் ஆண்களுக்குப் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பெண்களுக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

சாமையின் உமி கெட்டியானது, அரிசியை இறுக்கிப் பிடித்திருக்கும். வெயிலில் காயவைத்து, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலில் போட்டு, மறுபடி புடைத்து, கல் அரித்த பிறகுதான் உலையில் போட முடியும். என் ஆயாவும் அம்மாவும் இதைக் காட்டு வேலைக்குப் போகும் முன்பும், வந்த பின்பும் செய்தார்கள். அவர்களுடைய உள்ளங்கைக் காய்ப்பைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒருவேளைச் சோற்றுக்கு அத்தனை குத்து. மறுநாள் மீண்டும் அதே குத்து.

1990-களில் சாமை நிலங்கள் வேகமாகக் குறைந்தன. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. ரேஷன் அரிசி வீடு தேடி வந்தது. இந்த இரண்டும் எல்லோர் கண்ணிலும் பட்ட காரணங்கள். மூன்றாவது காரணம் பெண்களின் தோள்பட்டையில் இருந்தது. நேராக உலையில் போடக்கூடிய அரிசி கிடைக்கும்போது எந்தத் தாய் உலக்கையைத் தேடுவாள்? சாமை உடம்புக்கு நல்லது, மண்ணுக்கு நல்லது என்று எவ்வளவு சொன்னாலும், அதைக் குத்தித் தருகிறவளின் நேரத்துக்கு யாரும் விலை வைக்கவில்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்க வேலை செய்துவருகிறது. விதை சேகரிப்பு, விதை வங்கி, சந்தைப்படுத்தல் என்று பலவற்றைச் செய்தார்கள். என் பார்வையில் மிக முக்கியமானது, 2000-களின் தொடக்கத்திலிருந்து ஊர்களில் வைக்கப்பட்ட உமி நீக்கும் சிறு இயந்திரங்கள்தான். அவற்றை நடத்தும் பொறுப்பு மகளிர் குழுக்களிடம் கொடுக்கப்பட்டது. உரலடியில் பாதி நாளைத் தின்ற வேலை மில்லில் சட்டென்று முடிந்தது. அப்படிக் கிடைத்த அரிசியை வீட்டுக்கு வைத்துக்கொண்டது போக, சாமை அரிசியாகவும் மாவாகவும் பொட்டலம் போட்டு விற்கவும் குழுக்களுக்கு வழி பிறந்தது. பெண்கள் சோம்பிப் போகவில்லை. அவர்களுடைய உழைப்பு வேறு இடத்தில் பலன் தரத் தொடங்கியது.

விளைவு தரும் உழைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு வேலையை இன்னும் வேகமாகச் செய்வது எப்படி என்று கேட்பதற்கு முன், இந்த வேலை இப்படித்தான் நடக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆயாவிடம் போய், இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து குத்து என்று சொல்லியிருந்தால் சாமை பிழைத்திருக்காது.

குறைவாக வேலை செய்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சாமையைக் கைவீசி விதைப்பது சுலபம். சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் விதை அதிகம் செலவாகும், பயிர் நெருக்கியடித்து முளைக்கும், களை எடுக்க உள்ளே இறங்க முடியாது. வரிசை விதைப்பில் முதல் நாள் வேலை கூடுதல். குனிந்து, கோடு போட்டு, இடைவெளி பார்த்துப் போட வேண்டும். பிறகு விதை மிச்சமாகிறது, களையெடுப்பு எளிதாகிறது, கதிரும் திரண்டு வருகிறது. எந்த நாளில் கூடுதலாக உழைத்தால் பின்வரும் நாட்கள் இலகுவாகும் என்று தெரிந்துகொள்வதே விவசாயியின் மதிநுட்பம்.

காப்பிப் பழம் பறிப்பதிலும் இதே கதைதான். கிளையை ஒரே உருவாக உருவினால் மூட்டை சீக்கிரம் நிறையும். பச்சைக் காயும் பழமும் கலந்து தரம் கெடும். சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிப்பவர் மெதுவாகத்தான் போவார். மூட்டையை எண்ணுபவருக்கு முதலாமவர் சுறுசுறுப்பானவர். கொட்டையை ருசி பார்த்து விலை சொல்பவருக்கு இரண்டாமவர்தான் வேலை தெரிந்தவர். எதை அளக்கிறோமோ, வேலையும் அந்தப் பக்கமே சாயும்.

மரவள்ளியிலும் ஒரு பாடம் இருக்கிறது. சாமையை விட அதில் பெண்களுக்குக் கைவேலை குறைவு, மொத்தமாகப் பணம் வரும். ஆனால் சரிவில் கிழங்கு பிடுங்கும்போது மண் தளர்ந்து மழையில் இறங்குகிறது. விலையை மலைக்குக் கீழே இருக்கிறவர்கள் முடிவு செய்கிறார்கள். விலை சரிந்த வருடத்தில், ஆலைக்கென்று போட்ட கிழங்கை வைத்துக் குடும்பம் எத்தனை நாள் சாப்பிடும்? கையில் வந்த பணத்தை மட்டும் எழுதி, மண்ணையும் சோற்றுப் பானையையும் எழுதாமல் விட்டால் அது பாதிக் கணக்கு.

இந்தப் பாடங்கள் மலையோடு நிற்பவை அல்ல. குழு வேலையில் நான் அன்றாடம் பார்ப்பது எழுத்து வேலையின் பெருக்கம். ஒரே விவரத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தனிப் படிவத்தில் எழுதி, செல்போனில் ஏற்றி, கூட்டம் நடந்ததற்குப் புகைப்படமும் அனுப்ப வேண்டும். சிக்னல் கிடைக்கும் மேடு தேடி நடக்கும் நேரம் தனி. ஒருமுறை மாத அறிக்கையைப் படித்து முடித்தபோது மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: “எல்லாம் சரி சாமி, இத்தனை கூட்டம் போட்டோமே, மொளகுக்கு வெல ஏறுச்சா?” அறிக்கையின் எந்தக் கட்டத்திலும் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

அலுவலகங்களின் இந்த நோயை பிரிட்டிஷ் எழுத்தாளர் நார்த்கோட் பார்க்கின்சன் 1955-லேயே எழுதிவிட்டார். எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அதை நிரப்பும் அளவுக்கு வேலை தானே வீங்கிக்கொள்ளும் என்பது அவருடைய கருத்து. முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டன் ஆயுதத் தொழிற்சாலைப் பதிவுகளை ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் ஜான் பென்கவல் ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார். அங்கே வாரம் 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதலாக நின்ற அத்தனை மணி நேரமும் உடம்பைத் தேய்த்ததுதான் மிச்சம்.

“கூலி வேலைக்குப் போகிறவருக்கு வேலையைத் தேர்ந்தெடுக்க ஏது உரிமை? சொன்னதைச் செய்துவிட்டுத்தானே வர முடியும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் மனப்போக்கை மாற்றிக்கொள் என்று தொழிலாளியிடம் மட்டும் உபதேசிப்பதை நான் ஏற்பதில்லை. மாற வேண்டிய மனம் முதலில் வேலை ஏவுகிறவருடையது. ஒரு படிவத்தைப் புதிதாகச் சேர்க்கிற அதிகாரி, பழைய படிவம் ஒன்றை நீக்கிவிட்டுச் சேர்க்கட்டும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் கேட்பதை நிறுத்தட்டும். கூட்டங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் இடத்தில், கூட்டத்தால் நடந்த காரியத்தைக் கேட்கட்டும். மலை ஊர்களுக்கு இயந்திரம் கொடுக்கும் துறைகள், திறப்பு விழாவோடு விலகிவிடாமல், பழுது பார்க்க உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சியும் உதிரிபாகமும் கொடுக்கட்டும். மோட்டார் எரிந்து மில் நின்றால், அன்று மாலையே பெண்ணின் கை உலக்கைக்குத் திரும்பும். அல்லது சாமை வீட்டை விட்டுப் போகும்.

நம் கையில் இருக்கும் பங்கும் உண்டு. எங்கள் குழுவில் இப்போது மாதத்தின் முதல் கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்: போன மாதம் செய்ததில் எதை விட்டுவிட்டிருந்தால் யாருக்கும் நட்டமில்லை? பதில் வந்ததும் அந்த வேலையை நிறுத்திவிடுகிறோம். எங்களால் நிறுத்த முடியாதது என்றால், அதைக் கேட்கிறவர்களுக்கு மனுவாக எழுதி அனுப்புகிறோம். மிஞ்சும் நேரத்தில் விதை பிரிக்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், சிலர் தூங்குகிறார்கள். ஓய்வையும் நான் விளைச்சலாகவே எழுதுகிறேன். ஓய்ந்து எழுந்தவளுக்குத்தான் மறுநாள் வரிசையாக விதைக்கும் பொறுமை இருக்கும்.

2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்துக் கடைகளில் சாமை அரிசிப் பொட்டலம் அழகாக அடுக்கியிருக்கிறது. வாங்குங்கள், சாப்பிடுங்கள். கூடவே, உங்கள் அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் வீட்டிலும் பழக்கத்தின் பெயரால் யாரோ ஒருவர் இன்னும் குத்திக்கொண்டிருக்கும் உலக்கை எது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் கையிலோ, பதவியில் கீழே இருக்கிறவர் கையிலோதான் இருக்கும். அதை இறக்கிவைக்க வழிசெய்வதைத்தான் இந்த நாட்டின் உற்பத்தி பற்றிப் பேசுகிறவர்கள் முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.